அண்டார்டிகா போவதற்கு முன் நான் வீட்டில் செய்யாமல் விட்ட வேலைகள்

ஜூன் மாத நடுவில் ஒரு விடிகாலை. அண்டார்டிகாவில் இருக்கும் இந்திய நிலையமான மைத்ரியின் ஜெனரேட்டர் அறையில் இரவு ஷிப்டில் இருந்தேன். விடிகாலை என்பது கடிகாரக் கணக்குக்குத்தான், சூரியனைப் பார்த்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அப்போது மனைவியிடமிருந்து செய்தி வந்தது. "வீட்டு லோன் தவணை மூணு மாசமாப் போகலையாம். பேங்க்ல இருந்து ஆள் வந்து நோட்டீஸ் கொடுத்துட்டுப் போறாங்க. நீங்க நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்னு சொல்றாங்க. என்னங்க பண்றது?" என் கணக்கில் பணம் இருந்தது. மாதம் தவறாமல் சம்பளம் ஏறிக்கொண்டும் இருந்தது. ஆனால் அதில் ஒரு ரூபாயைக்கூட என்னாலும் எடுக்க முடியவில்லை, அவளாலும் எடுக்க முடியவில்லை. அடுத்த விமானம் நவம்பரில்தான்.

அண்டார்டிகா போய் வந்தேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் குளிரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். குளிருக்கு நம்மைத் தயார் செய்ய ஆட்கள் இருக்கிறார்கள். உடை தருகிறார்கள், பயிற்சி தருகிறார்கள், உடம்பைத் தலை முதல் கால் வரை சோதிக்கிறார்கள். ஒரு வருடத்துக்கு மேல் நாம் இல்லாமல் ஓடப்போகிற வீட்டுக்கு என்ன செய்துவிட்டு வர வேண்டும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அதனால் நாங்கள் பட்ட பாட்டை அடுத்துப் போகிறவர்கள் படக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஊர் நாமக்கல் பக்கம். பன்னிரண்டு வருடமாக ஜெனரேட்டர் மெக்கானிக். பெரிய மில்கள், ஆஸ்பத்திரிகள், கல்யாண மண்டபங்கள் என்று எங்கே செட் நின்றாலும் போவேன். கோவாவில் இருக்கும் துருவ ஆராய்ச்சி மையம் அண்டார்டிகா நிலையங்களுக்கு ஒப்பந்தத்தில் ஆள் எடுப்பதாக நண்பர் ஒருவர் சொன்னார். நிலையம் என்றால் விஞ்ஞானிகள் மட்டும் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். வானிலை பார்ப்பவர்கள், பூமியின் காந்தப்புலத்தை அளப்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்கள் வேலை நடக்க டாக்டர், சமையல்காரர், வெல்டர், எலக்ட்ரீஷியன், வண்டி ஓட்டுநர், ஜெனரேட்டர் மெக்கானிக் எல்லோரும் வேண்டும். நேர்முகத் தேர்வில் ஒரு எஞ்சினைப் பிரித்துக் காட்டச் சொன்னார்கள். அது எனக்குப் பழகிய வேலை. தேர்வாகிவிட்டேன்.

அப்புறம் டெல்லியில் மருத்துவப் பரிசோதனை. ரத்தம், இருதயம், எக்ஸ்ரே, மனநல மருத்துவரின் கேள்விகள் என்று நாள்கணக்கில் நடந்தது. பல்லையும் பார்த்தார்கள். "ஏதாவது தொந்தரவு இருக்கிறதா?" என்று கேட்டபோது இல்லை என்றேன். கீழ்த்தாடை இடது பக்கக் கடைவாய்ப் பல்லில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுருக்கென்று இழுப்பது எனக்கு ஒரு வருடமாகத் தெரியும். சொன்னால் கழித்துவிடுவார்களோ என்ற பயத்தில் மறைத்துவிட்டேன். அங்கேயே சொல்லியிருந்தால் ஒரு வாரத்தில் அடைத்துவிட்டு வரச் சொல்லியிருப்பார்கள். தேர்வுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. உடம்பில் சின்னதாக எது இருந்தாலும் பரிசோதனையில் சொல்லிவிடுங்கள். அதோடு பரிசோதனையை மட்டும் நம்பாமல் உள்ளூரில் ஒரு பல் டாக்டரிடம் போய் எல்லாப் பல்லுக்கும் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். என் அனுபவத்தில் அண்டார்டிகாவுக்கு எடுத்துப் போகக்கூடாத முதல் பொருள் சொத்தைப் பல்.

பயிற்சி உத்தராகண்டில் ஔலி மலையில். இந்தோ திபெத் எல்லைக் காவல் படையினர்தான் பனியில் நடக்க, கயிற்றில் ஏற, பிளவில் விழுந்தவரை மேலே இழுக்க எல்லாம் கற்றுக் கொடுத்தார்கள். நன்றாகக் கற்றுக் கொடுத்தார்கள், அங்கே கற்ற முடிச்சுகள் உண்மையிலேயே பயன்பட்டன. பயிற்சி முடிந்து ஊர் திரும்பியபோது கையில் ஐந்து வாரம் இருந்தது. அந்த ஐந்து வாரத்தை எப்படிச் செலவழித்தேன் என்று இப்போது யோசித்தால் மனம் கனக்கிறது. குலதெய்வம் கோயிலுக்குப் போனோம். சொந்தக்காரர் வீடுகளில் விருந்து. மகனுக்கு அப்போது மூன்றரை வயது, அவனைக் கூட்டிக்கொண்டு ஏற்காடு. ஆறு மாதச் செலவுக்கு ஆகும் என்று ஒரு தொகையை மனைவி கணக்கில் போட்டேன். மீதி எல்லாம் தானாக நடக்கும் என்று நம்பினேன். தவணை என் கணக்கிலிருந்து தானாகப் பிடித்தமாகும், அப்பா அம்மாவின் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியமும் அப்படியே. போன் எண்? அதை யோசிக்கவே இல்லை. சிம்மோடு போனை அணைத்துப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

நவம்பரில் கேப் டவுன் போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து சரக்கு விமானமான இல்யூஷின் 76. உள்ளே பக்கவாட்டில் உட்கார்ந்துகொண்டு, காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு, ஏறக்குறைய ஆறு மணி நேரம். வானிலை சரியில்லை என்றால் கிளம்பவே மாட்டார்கள். நாங்கள் நான்கு நாள் காத்திருந்தோம். இறங்குவது ரஷ்யர்களின் நோவோலசரவ்ஸ்கயா நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பனிக்கட்டி ஓடுதளத்தில். எல்லோரும் அதை நோவோ என்றுதான் சொல்வோம். கதவு திறந்ததும் முதலில் அடித்தது வெளிச்சம்தான். கண்ணாடி போடாமல் அரை நிமிடம் நின்றேன், கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது.

மைத்ரி இருப்பது ஷிர்மாகர் சோலை என்ற இடத்தில். சோலை என்றால் மரம் செடி இல்லை, பனி மூடாத வெறும் பாறைத் திட்டு. கடலோரப் பனித்தட்டின் விளிம்பு ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இந்தியாவின் முதல் நிலையமான தட்சிண் கங்கோத்ரியை 1983-84இல் அந்தப் பனித்தட்டின் மேலேயே கட்டினார்கள். வருடா வருடம் பனி சேர்ந்து சேர்ந்து அது புதைந்துபோனது. அதனால்தான் 1989இல் மைத்ரியைப் பாறை மேல் தூண்கள் நிறுத்திக் கட்டினார்கள். பக்கத்தில் பிரியதர்ஷினி ஏரி. குடிக்க, குளிக்க, சமைக்க எல்லாம் அந்த ஏரித் தண்ணீர்தான். 2012இல் திறந்த பாரதி நிலையம் மைத்ரியிலிருந்து ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. எங்களுக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்த அண்டை வீடு நோவோ மட்டும்தான், ஐந்து கிலோமீட்டர்கூட இருக்காது.

கோடை நான்கு மாதமும் எப்படிப் போனது என்றே தெரியவில்லை. நடுக் கோடையில் சூரியன் மறைவதில்லை. கப்பல் பனித்தட்டின் ஓரத்தில் வந்து நிற்கும், அங்கிருந்து எரிபொருளையும் சாப்பாட்டுப் பொருள்களையும் சங்கிலிச் சக்கர வண்டிகளில் ஸ்லெட்ஜ் கட்டி இழுத்து வர வேண்டும். சாதாரண டீசல் அந்தக் குளிரில் மெழுகு போலக் கட்டிவிடும் என்பதால் விமான எரிபொருளைத்தான் எஞ்சின்களுக்குப் போடுகிறோம். அதற்கு வழவழப்பு குறைவு, பம்ப்பையும் இன்ஜெக்டரையும் அடிக்கடி கவனிக்க வேண்டும். போன வருடத்துக் குப்பையைப் பிரித்து டிரம்களில் அடைத்துக் கப்பலுக்குத் திருப்பி அனுப்புவதும் எங்கள் வேலை. 1991இல் கையெழுத்தான மாட்ரிட் உடன்படிக்கைப்படி அங்கே எதையும் போட்டுவிட்டு வர முடியாது. ஒருநாளைக்குப் பதினாறு மணி நேரம் உழைத்துவிட்டுப் படுத்தால், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினால்தான் தூக்கம் வரும். வீட்டைப் பற்றிக் கவலைப்பட நேரமே இல்லை. அந்த நேரத்தில்தான் என் சிம்மின் ரீசார்ஜ் காலம் முடிந்து போனது.

மார்ச் தொடக்கத்தில் கோடைக் குழு கிளம்பியது. நாங்கள் இருபத்தைந்து பேருக்கும் குறைவு. கடைசி வண்டி நோவோவை நோக்கிப் போவதைப் பாறை மேல் நின்று பார்த்தோம். யாரும் பேசவில்லை. எங்களோடு இருந்த கேரளத்து வெல்டர் ஏற்கெனவே ஒரு குளிர்காலம் இருந்தவர், அவரைச் சேட்டா என்றுதான் கூப்பிடுவோம். "இனி நவம்பர் வரை யாருக்கு என்ன ஆனாலும் நாம்தான்" என்றார். அதைப் பயமுறுத்த அவர் சொல்லவில்லை. நோவோவில் 1961 ஏப்ரலில் லியோனித் ரோகசோவ் என்ற டாக்டர் தன் குடல்வாலைத் தானே அறுத்து எடுத்த கதையை அப்போதுதான் சொன்னார். டாக்டர் அவர் ஒருவர்தான், வெளியே கொண்டுபோகவும் வழி இல்லை. வானிலைக்காரர் கருவிகளை எடுத்துக் கொடுக்க, ஓட்டுநர் கண்ணாடியைப் பிடிக்க, ஏறக்குறைய இரண்டு மணி நேரம் தனக்குத் தானே அறுவை செய்துகொண்டு பிழைத்தார். அதைக் கேட்டபோது என் நாக்கு தானாக அந்தக் கடைவாய்ப் பல்லைத் தடவியது நினைவிருக்கிறது.

குளிர்காலத்தில் ஜெனரேட்டர்தான் நிலையத்தின் உயிர். அது நின்றால் சூடு நிற்கும், தண்ணீர்க் குழாய் உறையும், சில மணி நேரத்தில் சுவருக்குள்ளேயே பனி படியும். ஒரு செட் ஓடும், ஒன்று தயாராக நிற்கும், ஒன்று பிரித்துப் போட்டிருக்கும். மே மாதத்தில் ஒருநாள் பனிப்புயல் மூன்றாவது நாளாக அடித்துக்கொண்டிருந்தபோது ஓடிக்கொண்டிருந்த செட்டின் சத்தம் மாறியது. அந்தச் சத்தத்தைக் காதால் கேட்கும் முன்னால் தூக்கத்தில் என் உடம்பு கேட்டது, எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எரிபொருள் ஃபில்டரில் பனித்துகள் அடைத்திருந்தது. உள்ளே வரும் குழாயில் எங்கேயோ ஈரம் புகுந்து உறைந்திருக்கிறது. தடித்த கையுறையோடு ஃபில்டர் கிண்ணத்தின் நட்டைப் பிடிக்க முடியாது. மெல்லிய உள்கையுறையோடு கழற்றினேன். எரிபொருள் கையுறையில் ஊறி விரல் முழுக்க எரிச்சல், ஒரு நிமிடத்தில் உணர்ச்சியே போய்விட்டது. அந்த எரிபொருள் பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் உறையாமல் திரவமாகவே இருக்கும் என்பதால், தோலில் பட்டால் பனியைவிட மோசம். எனக்கு இரண்டு விரல் நுனியில் தோல் வெள்ளையாகி உரிந்தது. மெக்கானிக்காகப் போகிறவர்கள் எண்ணெய் புகாத மெல்லிய நைட்ரைல் கையுறை இரண்டு பெட்டி சொந்தமாக எடுத்துப் போங்கள். அதன் மேல் கம்பளிக் கையுறை. இது யாரும் தரும் பட்டியலில் இருக்காது.

குளிரைவிட வறட்சிதான் உடம்பை அதிகம் படுத்தியது. காற்றில் ஈரமே கிடையாது. குதிகாலும் விரல் நுனியும் கத்தி வைத்தது போல வெடிக்கும். மூக்கில் ரத்தம் வரும். இரும்புக் கைப்பிடியைத் தொட்டால் சுருக்கென்று மின்சாரம் அடிக்கும். வாஸ்லின் பெரிய டப்பாவாக நான்கைந்து எடுத்துப் போங்கள், தாகம் இல்லாவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். இந்த வறட்சியினால் தீ விபத்துப் பயம் எப்போதும் இருக்கும். 2012 பிப்ரவரியில் பிரேசிலின் கமாண்டன்டே ஃபெராஸ் நிலையத்தில் ஜெனரேட்டர் இருந்த பகுதியில் தீப்பிடித்து நிலையத்தின் பெரும்பகுதி எரிந்துபோனது, இரண்டு பேர் இறந்தார்கள். ஜெனரேட்டர் ஆளாக இருந்ததால் இந்தச் செய்தி எனக்கு ஒவ்வொரு ஷிப்டிலும் ஞாபகம் வரும். சைலன்சர் குழாயைச் சுற்றி எண்ணெய்த் துணி ஒன்றுகூட இல்லை என்று கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போய்ப் படுப்பேன்.

நல்லதும் இருந்தது. இட்லி மாவு அங்கே புளிக்கவே புளிக்காது. நான் ஜெனரேட்டர் அறையில் ரேடியேட்டர் பக்கத்துச் சுவரோரம் ஒரு பலகை போட்டு, மாவுப் பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி வைப்பேன். பன்னிரண்டு மணி நேரத்தில் பொங்கி மூடியைத் தள்ளும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வடக்கத்தி நண்பர்கள் எல்லோரும் அதற்காகவே சீக்கிரம் எழுவார்கள். வீட்டிலிருந்து பருப்புப்பொடி, கறிவேப்பிலைப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுபோனது எவ்வளவோ தேவலை. பச்சைக் காய்கறி தீர்ந்த பிறகு எல்லாமே உறைந்ததும் உலர்ந்ததும்தான், நாக்கு செத்துவிடும்.

சரி, வங்கி விஷயத்துக்கு வருகிறேன். மார்ச்சில் என் வங்கி கேஒய்சி, அதாவது அடையாள, முகவரி விவரங்களைப் புதுப்பிக்கச் சொல்லிக் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறது. அந்த எண் என் பெட்டிக்குள் செத்துக் கிடந்தது. ஏப்ரலில் கணக்கிலிருந்து பணம் வெளியே போவதை நிறுத்திவிட்டார்கள், உள்ளே வருவது வந்துகொண்டிருந்தது. தவணை ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் திரும்பியது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் 590 ரூபாய் அபராதம், சில மாதம் இரண்டு முறை முயன்று இரண்டு முறை பிடித்திருந்தார்கள். அதற்கு மேல் அபராத வட்டி. இணைய வங்கிக்குள் போகலாம் என்றால் ஓடிபி அந்தப் பழைய எண்ணுக்குப் போகிறது. வீடியோ வழியாகக் கேஒய்சி செய்யலாமா என்று கேட்டால் ஆள் இந்தியாவுக்குள் இருக்க வேண்டுமாம். அப்படி இல்லாவிட்டாலும் எங்களிடம் இருந்த செயற்கைக்கோள் இணையத்தில் வீடியோ ஓடாது. மனைவிக்கு அதிகாரம் கொடுத்து ஒரு கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து அனுப்பினேன். வங்கியில் அதை வாங்கவில்லை. பதிவு செய்த பவர் பத்திரம் வேண்டும் என்றார்கள். அண்டார்டிகாவில் சார்பதிவாளரும் கிடையாது, நோட்டரியும் கிடையாது. நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று நிரூபிக்கக்கூட ஒரு முத்திரை கிடைக்காத இடத்தில் இருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

நம் ஊரில் வங்கி திறக்கும் நேரம் எங்களுக்கு விடிகாலை. ஷிப்ட் முடிந்த கையோடு தொலைபேசிக்குப் போய் நிற்பேன். வங்கியில் ஒருவர் எடுத்து இன்னொருவருக்கு மாற்றி, அவர் சாப்பிடப் போயிருப்பார், இதற்குள் எனக்கான நேரம் முடிந்துவிடும். பத்துப் பன்னிரண்டு நாள் இப்படிப் போனது. இருட்டு, தூக்கமில்லை, சாப்பாட்டு மேஜையில் சின்னச் சத்தத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தேன். சமையல்காரரிடம் உப்பு அதிகம் என்று கத்திவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். குளிர்கால இருட்டில் பலருக்கும் இப்படி ஆகும் என்று டாக்டர் பிறகு சொன்னார். தூக்கம் கெடும், மறதி வரும், வெறித்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். அந்த இருட்டோடு வீட்டுப் பிரச்சினையும் சேர்ந்தால் தாங்காது. அங்கே நன்றாக இருப்பதற்கான வேலையில் பாதியை ஊரிலேயே முடித்துவிட்டு வர வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

கடைசியில் மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். கடன் கணக்கின் எண் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் அதில் நேராகப் பணம் கட்டலாம் என்று கிளையில் ஒரு பெண் அலுவலர் சொல்லியிருக்கிறார். நான் கொடுத்துவிட்டு வந்த ஆறு மாதச் செலவுப் பணம் அதற்குள் தீர்ந்திருந்தது. தாலிக்கொடியை மட்டும் விட்டுவிட்டு மற்ற நகையை அடகு வைத்து, நான்கு மாதத் தவணையை ஜூலையில் ஒன்றாகக் கட்டினாள். என் கணக்கில் அன்றைக்கு நான்கு லட்சத்துக்கு மேல் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது.

போகிறவர்கள் கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே இதைச் செய்துவிடுங்கள். சம்பளம் ஏறும் கணக்கைக் கணவன் மனைவி இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். கல்யாணம் ஆகாதவர்கள் அம்மாவையோ அப்பாவையோ சேர்க்கலாம். கேஒய்சி எப்போது முடிகிறது என்று கேட்டு, முன்கூட்டியே புதுப்பித்துவிடுங்கள். வங்கி, வரி, சொத்து விவகாரங்களுக்கு எனத் தனித்தனியாகக் குறிப்பிட்டு ஒரு பவர் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து, அதன் நகலை வங்கிக் கிளையில் கொடுத்துப் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள். பத்திரம் பீரோவில் இருந்தால் போதாது, கிளையில் ஏற்றுக்கொண்டார்களா என்று தெரிந்துகொண்டு கிளம்ப வேண்டும். சிம்மை வீட்டில் ஒரு பழைய போனில் போட்டு வைத்து, ஒரு வருட ரீசார்ஜ் செய்து, அதை யார் பார்த்துக்கொள்வது என்று சொல்லிவிட்டு வாருங்கள். என் எண்ணை நிறுவனம் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டது. திரும்பி வந்தபின் ஆதார், வங்கி, கேஸ், பிஎஃப் எல்லாவற்றிலும் எண்ணை மாற்ற ஐந்து வாரம் அலைந்தேன்.

இந்தக் களேபரத்துக்கு நடுவில் ஜூலையில் பல் வலி தொடங்கியது. முதலில் கிராம்பு எண்ணெயும் துத்தநாக ஆக்சைடு பொடியும் குழைத்து டாக்டர் தற்காலிகமாக அடைத்தார். மூன்று வாரம் தாங்கியது. அப்புறம் ஓர் இரவு தாடை முழுக்க வீங்கி, காது வரை விண் விண்ணென்று தெறித்தது. எங்கள் டாக்டர் நல்ல அறுவை மருத்துவர், ஆனால் பல் டாக்டர் இல்லை. ஊரில் இருக்கும் பல் மருத்துவர் ஒருவரைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு, ஐந்து நாள் ஆன்டிபயாடிக் கொடுத்து வீக்கத்தை இறக்கிவிட்டு, பிறகு பல்லைப் பிடுங்கினார். சேட்டா என் தலையைப் பிடித்துக்கொண்டார். பல் இரண்டு துண்டாக உடைந்து வந்தது, மொத்தம் ஐம்பது நிமிடம். அந்த ஐம்பது நிமிடமும் ஜெனரேட்டரின் சத்தத்தை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தேன். ஒரே சீராக ஓடியது. டெல்லியில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சில நூறு ரூபாயில் முடிந்திருக்கும்.

பல் பிடுங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், ஜூலை கடைசியில், சூரியன் திரும்பி வந்தது. வடக்கே அடிவானத்தில் செம்பு நிறத்தில் ஒரு விளிம்பு, சில நிமிடம்தான். எல்லோரும் வெளியே ஓடினோம். சமையல்காரர் என் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார். நான் மன்னிப்புக் கேட்டேன், அவர் மறந்தேபோயிருந்தார்.

ஆகஸ்டில் அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஆஞ்சியோ செய்து, ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். எனக்கு இது எட்டு நாள் கழித்துத்தான் தெரியும். "அங்கே இருந்துகொண்டு நீங்க என்ன பண்ண முடியும், வீணா கவலைப்படுவீங்கன்னுதான் சொல்லலை" என்றாள் மனைவி. அவள் சொன்னது நியாயம்தான், ஆனாலும் எனக்குக் கோபம் ஆறவில்லை. அந்த எட்டு நாளில் இரண்டு முறை பேசியிருந்தேன், இரண்டு முறையும் அப்பா தோட்டத்துக்குப் போயிருப்பதாகச் சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு அவள் எது சொன்னாலும், இதற்குப் பின்னால் வேறு எதுவும் இருக்கிறதோ என்றுதான் மனம் தேடியது. கெட்ட செய்தியைச் சொல்வதா வேண்டாமா, சொன்னால் யார் சொல்வது என்று கிளம்பும் முன்பே குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். எங்கள் குழுவிலேயே இரண்டு விதமாகவும் முடிவு செய்தவர்கள் இருந்தார்கள், இரண்டும் சரிதான். பேசாமல் விடுவதுதான் தப்பு.

ஆஸ்பத்திரிச் செலவு 2,85,000 ரூபாய். அப்பா அம்மாவுக்கு ஏழு வருடமாகக் காப்பீடு கட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பிரீமியமும் முடங்கிய அதே கணக்கிலிருந்துதான் மே மாதம் போக வேண்டியது. போகவில்லை. முப்பது நாள் சலுகைக் காலமும் முடிந்து பாலிசி காலாவதியாகிவிட்டது, நினைவூட்டல் எல்லாம் செத்த எண்ணுக்கு. ஒரு ரூபாய்கூடக் கிடைக்கவில்லை. மச்சான் கடன் வாங்கிக் கொடுத்தார். புதிய பாலிசி எடுத்தபோது, ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கான காத்திருப்புக் காலம் முதலிலிருந்து தொடங்கியது. காப்பீட்டைப் பொறுத்தவரை தானியங்கிப் பிடித்தத்தை நம்பாதீர்கள். இரண்டு வருடப் பிரீமியத்தை ஒன்றாகக் கட்ட முடியும் என்றால் கிளம்பும் முன்பே கட்டிவிடுங்கள்.

எல்லாம் சேர்த்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரி 2,85,000, தவணை அபராதமும் வட்டியும் 14,000, நகைக்கடன் வட்டி 9,000, ஊர் வந்தபின் அந்தப் பல் இருந்த இடத்தில் புதிதாக வைக்க 32,000. ஆக 3,40,000 ரூபாய். இதோடு வீட்டுக் கடன் தவறியது பதிவாகி, அடுத்த இரண்டு வருடம் ஒரு வண்டிக் கடன்கூடக் கிடைக்கவில்லை.

டிசம்பரில் திரும்பினேன். கேப் டவுனில் விமானத்திலிருந்து இறங்கியதும் மண் வாசனையும் புல் வாசனையும் மூக்கில் ஏறியது, ஒரு வருடமாக எந்த வாசனையும் இல்லாமல் இருந்திருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது. நாமக்கல் பேருந்து நிலையத்தின் ஹாரன் சத்தத்தில் தலை சுற்றியது. மகன் என்னிடம் வரவில்லை. போனில் பேசும் அப்பா வேறு, வாசலில் தாடியோடு நிற்கும் ஆள் வேறு என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. ஒரு மாதம் ஆனது. மனைவியும் மாறியிருந்தாள். வங்கி, ஆஸ்பத்திரி, அடகுக்கடை எல்லாம் தனியாகப் போய் வந்தவள், இப்போது எதற்கும் என்னைக் கேட்பதில்லை. வந்த புதிதில் எனக்கு அது வலித்தது, பிறகு அவள் பட்டதை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். திரும்பி வந்ததும் உடனே வேலைக்குப் போகாதீர்கள், இரண்டு மாதமாவது வீட்டில் இருங்கள். நான் மூன்றாவது வாரமே சைட்டுக்குப் போய், கடன் அடைக்கிற அவசரத்தில் அதையும் கெடுத்துக்கொண்டேன்.

இவ்வளவுக்குப் பிறகும் மறுபடி கூப்பிட்டால் போவேன். ஆகஸ்ட் இரவு ஒன்றில், எண்ணெய்க் கையோடு வெளியே வந்து தலையைத் தூக்கினால், பச்சை ஒளி திரைச்சீலை போல வானம் முழுக்க ஆடிக்கொண்டிருந்தது. காற்று நின்றிருந்தது, எனக்குப் பின்னால் என் செட் ஓடும் சத்தம் மட்டும். மற்ற எல்லோரும் அந்தச் சத்தத்தை நம்பி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

போன வருடம் பரமத்தி வேலூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன், எலக்ட்ரீஷியன், தேர்வாகியிருப்பதாக வந்தான். "அண்ணா, எந்த மாதிரி ஸ்வெட்டர் வாங்கட்டும்?" என்று கேட்டான். முதலில் பல் டாக்டரிடம் கூட்டிப் போனேன், இரண்டு பல்லில் சொத்தை இருந்தது. மறுநாள் அவன் அம்மாவையும் அழைத்துக்கொண்டு வங்கிக்குப் போய்க் கணக்கை மாற்றினோம். இப்போது அவன் மைத்ரியில் இருக்கிறான். அவன் சிம் அவன் அம்மாவின் பழைய போனில் இருக்கிறது, மாதா மாதம் ஒரு தடவை அவரைக் கூப்பிட்டு ரீசார்ஜ் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன்.